துடைப்பதற்கு முன்

ஆம்ப்ளிஃபயர், டேப் டெக், ரெக்கார்ட் பிளேயர் பழுது பார்ப்பவர் எவருடைய மேசையிலும் ஐ.பி.ஏ. புட்டி ஒன்று இருக்கும். முழுப்பெயர் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். டேப் ஹெட்டில் படிந்த பழுப்புத் துகளை நொடியில் எடுத்துவிடும். சர்க்யூட் போர்டில் ஒட்டிக்கிடக்கும் ஃப்ளக்ஸைக் கரைக்கும். சுவடில்லாமல் ஆவியாகிவிடும். உள்ளே இத்தனை சமர்த்தாக நடந்துகொள்ளும் அதே திரவத்தைப் பஞ்சில் நனைத்துக் கருவியின் வெளிப்பக்கத்துக்குக் கொண்டுவந்தால் கதை வேறு. முகப்பில் அச்சிட்ட எழுத்து பஞ்சோடு வந்துவிடலாம். ரெக்கார்ட் பிளேயரின் மூடியில் மறுநாள் மெல்லிய விரிசல்கள் தெரியலாம். பழைய ரேடியோகிராம் பெட்டியின் பளபளப்பு இளகிப் பிசுபிசுக்கலாம். 78 சுழற்சி இசைத்தட்டில் பட்டாலோ, தட்டே கரையத் தொடங்கும்.

திரவத்தின் மேல் குற்றமில்லை. பழைய ஆடியோ கருவி ஒன்றின் வெளிப்புறத்தில் மட்டும் அலுமினியம், குரோமிய முலாம், அச்சு மை, இரண்டு மூன்று வகை பிளாஸ்டிக், மரத்தோல், ரப்பர் என்று ஏழெட்டுப் பொருள்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி வேதியியல். ஒன்றுக்கு மருந்தாவது பக்கத்தில் இருப்பதற்கு விஷம்.

கண்ணில் படும் குறைகளை முதலில் இரண்டாகப் பிரித்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை ஒரு வகை: தூசி, விரல் எண்ணெய், சிகரெட் புகையின் தார், சமையல் புகை. இருந்த இடத்தை விட்டுப் போனவை இன்னொரு வகை: எழுத்து, முலாம், மெருகு. சேர்ந்ததை எடுக்க முடியும். போனதைத் துடைத்து வரவழைக்க முடியாது. துடைக்கத் துடைக்க இன்னும் கொஞ்சம் போகும். சந்தைக்கு வரும் பழைய ஆம்ப்ளிஃபயர்களின் முகத்தில் இருக்கும் சேதத்தில் பெரும்பங்கு காலம் செய்தது என்று நான் நம்பவில்லை. யாரோ ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்வக்கோளாறில் தேய்த்ததுதான்.

1970களில் ஜப்பானில் தயாரான ரிசீவர்களை எடுத்துக்கொள்வோம். மரான்ட்ஸ், பயனியர், சன்சுயி என்று எந்தப் பெயராக இருந்தாலும் முகப்பு பெரும்பாலும் ஒன்றுதான்: கெட்டியான அலுமினியத் தகடு, அதில் கிடைமட்டமாக மெல்லிய இழைக்கோடுகள், வெள்ளியோ வெளிறிய பொன்னோ ஆன நிறம். பார்த்தால் வெறும் உலோகம் போலிருக்கும். உண்மையில் நம் விரல் உலோகத்தைத் தொடுவதே இல்லை. தகட்டைக் கந்தக அமிலத் தொட்டியில் நேர்மின்வாயாகத் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சியிருக்கிறார்கள். அலுமினியத்தின் மேற்பரப்பே ஆக்சைடாக மாறி ஒரு படலமாக வளர்ந்திருக்கிறது. இதற்கு அனோடைசிங் என்று பெயர். பெயின்ட் போல மேலே பூசியதல்ல என்பதால் உரிந்து வராது. படலம் முழுக்க நுண்துளைகள். நிறம் வேண்டுமானால் அந்தத் துளைகளில் சாயம் ஏற்றிவிட்டு, கொதிநீரில் முக்கி வாயை மூடிவிடுவார்கள். மொத்தத் தடிமன் பெரும்பாலும் 5 முதல் 25 மைக்ரானுக்குள். தலைமுடியின் குறுக்களவில் பாதிகூட இல்லை.

இந்தத் தொழில்நுட்பம் ஆடியோவுக்காகப் பிறந்ததல்ல. 1923ல் பிரிட்டனில் கடல் விமானங்களின் அலுமினியக் கலவைப் பாகங்களை உப்புநீர் அரிக்காமல் காக்கக் குரோமிக் அமிலத்தில் செய்தார்கள். அதே காலகட்டத்தில் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் ஆக்சாலிக் அமிலத்தில் செய்து பார்த்து 'அலுமைட்' என்று பெயரிட்டது. கந்தக அமில முறை 1927ல் வந்தது. ரிசீவர்களின் முகத்துக்கு வந்து சேர மேலும் சில பத்தாண்டுகள் ஆயின.

அலுமினியம் ஆக்சைடு கெட்டியான பொருள். மாணிக்கமும் நீலக்கல்லும் வேதியியல்படி அதுவேதான். முகப்பில் இருப்பது துளைகள் நிறைந்த படலம் என்பதால் கல்லின் கடினம் வராது. ஆனாலும் அடியிலுள்ள உலோகத்தைவிடப் பல மடங்கு உறுதி. ஐம்பது ஆண்டு விரல் பட்டும் பல முகப்புகள் புதிதாகத் தெரிவது இதனால்தான். அதன் பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. இந்த ஆக்சைடு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். பி.எச். அளவு ஏறத்தாழ 4க்குக் கீழே போனாலும் ஆபத்து, 9க்கு மேலே போனாலும் ஆபத்து. எலுமிச்சைச் சாறும் புளியும் முதல் வகை. சலவை சோடா, துணிச் சோப்புக் கட்டி, அடுப்புக் கறை நீக்கி எல்லாம் இரண்டாம் வகை. அவசரமாகத் தேய்த்த ஒருவர் தகட்டில் மேகம் போன்ற மங்கல் திட்டு விட்டுச் செல்வது இப்படித்தான். அந்தத் திட்டு அழுக்கல்ல. படலமே அரிக்கப்பட்ட தழும்பு. அதை அழுக்கென்று எண்ணி மறுபடி தேய்ப்பவர்கள் உண்டு.

வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு சொட்டு, நன்றாகப் பிழிந்த பருத்தித் துணி, இழைக்கோடுகளின் போக்கிலேயே கை. இவ்வளவு போதும். கீறல் இருந்தால்? விட்டுவிடுங்கள். பாலிஷ் போட்டால் கீறலைச் சுற்றியுள்ள படலமும் சாயமும் போய், கோடு இருந்த இடத்தில் பட்டை வந்து நிற்கும்.

எழுத்துகளின் கதை வேறு. 'வால்யூம்', 'பேஸ்', 'டிரெபிள்' என்ற சொற்கள் அந்தப் படலத்துக்கு மேலே சில்க்ஸ்கிரீன் முறையில் அச்சிட்ட மை. பாதுகாப்பின்றி வெளியே நிற்கும் மை. வால்யூம் திருகியின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுத்து தேய்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். திருகியைப் பிடிக்கும்போது நகம் உரசும் பக்கம் அது. விரல் வியர்வையில் உப்பும் லாக்டிக் அமிலமும் இருக்கின்றன. எண்ணெய்ப்பசையும் சேர்ந்து மையின் பிடிப்பைத் தளர்த்துகிறது. மீதியை ஆல்கஹால் பஞ்சு முடித்துவைக்கிறது.

அமெரிக்காவின் மெக்கின்டாஷ் நிறுவனம் இந்தச் சிக்கலை 1960களிலேயே வேறு வழியில் தீர்த்தது. முகப்பைக் கண்ணாடியாக்கி, எழுத்தையும் கறுப்பு வண்ணத்தையும் கண்ணாடியின் பின்பக்கத்தில் அச்சிட்டது. முன்னால் எத்தனை விரல் பட்டாலும் எழுத்துக்கு ஒன்றும் ஆகாது. நல்ல யோசனை, ஆனால் பல ஆண்டு ஈரத்திலும் விளக்குச் சூட்டிலும் பின்பக்க வண்ணம் பிடிப்பிழந்து செதில் செதிலாக உதிரக்கூடும். பழுது பார்க்க முகப்பைக் கழற்றியவர், 'வந்ததுதான் வந்தோம், பின்னாலும் ஒரு துடை துடைத்துவிடலாம்' என்று நினைத்தால் ஒரே வீச்சில் நிறுவனத்தின் பெயரே போய்விடும். மெக்கின்டாஷ் கண்ணாடியின் பின்பக்கத்தைத் தொடவே தொடாதீர்கள்.

அதே நிறுவனத்தின் 1961ஆம் ஆண்டு எம்.சி. 275 வால்வு ஆம்ப்ளிஃபயரின் உடல் முழுக்கக் குரோமியப் பளபளப்பு. இன்று கிடைப்பவற்றில் பல, கூர்ந்து பார்த்தால் பொட்டுப் பொட்டாகத் துருவேறியிருக்கும். குரோமியம் துருப்பிடிக்காதே என்று தோன்றலாம். அது துருப்பிடிக்கவும் இல்லை. அலங்கார முலாமில் குரோமியம் அரை மைக்ரானைத் தாண்டுவது அரிது. அடியில் இருக்கும் நிக்கல்தான் உண்மையான காவல். குரோமியப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் எப்போதும் உண்டு. வியர்வையிலும் கடற்காற்றிலும் உள்ள குளோரைடு அந்த வழியே இறங்கி, நிக்கலைத் துளைத்து, இரும்பைத் தொடுகிறது. இரும்பு துருவாகும்போது பருமன் கூடும். துரு வந்த வழியே மேலே பிதுங்குகிறது. மேலே தெரியும் பழுப்புப் பொட்டை எண்ணெய் தொட்ட மென்மையான துணியாலோ, கசக்கிய அலுமினியத் தாளாலோ மெதுவாக எடுக்கலாம். குழியை எடுக்க முடியாது. எடுத்தபின் கார் மெழுகு ஒரு பூச்சு பூசி ஈரம் புகாமல் அடைப்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. மறுபடி முலாம் போடலாமே என்பார்கள். போட வேண்டுமானால் டிரான்ஸ்ஃபார்மர் முதல் கடைசி வயர் வரை பிரித்தெடுக்க வேண்டும்; உடலில் அச்சிட்ட எழுத்தெல்லாம் போகும். பொட்டுகளோடு வாழ்வது மேல் என்பது என் கட்சி.

இப்போது மூடிக்கு வருவோம். 1956ல் ஜெர்மனியின் பிரவுன் நிறுவனம் எஸ்.கே. 4 என்ற ரேடியோ-ரெக்கார்ட் பிளேயரை வெளியிட்டது. ஹான்ஸ் குகெலோட், டீட்டர் ராம்ஸ் இருவரின் வடிவமைப்பு. தகர மூடி இசையோடு சேர்ந்து அதிர்ந்ததால் ஒளி ஊடுருவும் அக்ரிலிக் மூடி போட்டார்கள். 'ஸ்னோ ஒயிட்டின் சவப்பெட்டி' என்று கிண்டல் பெயர் கிடைத்தது. ஆனால் அதற்குப் பின் வந்த ரெக்கார்ட் பிளேயர்கள் பெரும்பாலும் அந்த வழியே சென்றன. 1970களில் ஒளிபுகு மூடி இல்லாத பிளேயர் அபூர்வம்.

இந்த மூடிகள் மங்குவதற்கு முதற்காரணம் தூசி தட்டுவது. அக்ரிலிக்கை உலர்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்னேற்றம் உண்டாகி இன்னும் அதிகத் தூசியை இழுக்கும். வீட்டுத் தூசியில் மணல் துகள், அதாவது குவார்ட்ஸ், நிச்சயம் இருக்கும். மோஸ் கடின அளவில் குவார்ட்ஸ் 7. அக்ரிலிக் 3ஐ ஒட்டி. உலர்துணியால் துடைப்பவர் மெல்லிய உப்புத்தாளால் துடைக்கிறார் என்றே பொருள். முதலில் தண்ணீர் ஊற்றித் துகளைக் கழுவிவிட வேண்டும்; பிறகுதான் துணி.

ஏற்கெனவே மங்கிய மூடியைப் பற்றி முடிவெடுக்க ஓர் எளிய சோதனை உண்டு. மூடியைக் கழற்றி, மங்கிய இடத்தில் தண்ணீர் தடவிப் பாருங்கள். மங்கல் மறைந்து தெளிவாகத் தெரிந்தால் நல்ல செய்தி. மறையவில்லை என்றால் கெட்ட செய்தி. காரணம் ஒளியியலில் இருக்கிறது. அக்ரிலிக்கின் ஒளிவிலகல் எண் 1.49, காற்றினுடையது 1. ஒவ்வொரு கீறலின் சரிவிலும் ஒளி அந்தப் பெரிய வேறுபாட்டைச் சந்தித்துத் திசை மாறிச் சிதறுகிறது. ஆயிரம் கீறல்கள் ஆயிரம் திசையில் சிதறடிக்கும்போது நம் கண்ணுக்கு அது வெண்மையாகத் தெரிகிறது. கீறலுக்குள் தண்ணீர் நிரம்பினால் வேறுபாடு 1.33க்கும் 1.49க்கும் இடையிலானதாகச் சுருங்கிவிடும். சிதறல் பெரிதும் அடங்கும். எண்ணெய் என்றால் 1.47 வரை போகும். கீறல் காணாமலே போகும். கடையில் விற்கும் பல மெருகுப் பசைகளின் உடனடி அற்புதம் இதுதான். கீறலை நீக்குவதில்லை, நிரப்புகின்றன. நாலு முறை கழுவினால் கீறல் திரும்ப வரும்.

நிஜமாகவே நீக்க வேண்டுமானால் கீறலின் ஆழம்வரை மேற்பரப்பைச் சீவ வேண்டும். தண்ணீர் தொட்ட உப்புத்தாளில் 1000, 1500, 2000, 3000 எண் என்று படிப்படியாக மென்மைக்குப் போய், கடைசியில் பிளாஸ்டிக் பாலிஷ். ஒவ்வொரு படியும் முந்திய படியின் கோடுகளை முழுதாக அழித்திருக்க வேண்டும். படி தாண்டினால் கடைசியில் கண்டிப்பாகத் தெரியும். டிரில்லில் பஞ்சுச் சக்கரம் மாட்டி வேலையைச் சுருக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அக்ரிலிக் 105 டிகிரி செல்சியஸ் அளவில் இளகிவிடும். உராய்வில் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். உருகி இழுபடாவிட்டாலும், சூடேறிக் குளிர்ந்த இடத்தில் உள்ளிறுக்கம் தங்கிவிடும்.

அந்த இறுக்கம்தான் ஆல்கஹாலுக்குக் கதவைத் திறக்கிறது. வார்த்த மூடியில், முக்கியமாகக் கீல் மாட்டும் இடத்திலும் மூலைகளிலும் திருகுத் துளைகளைச் சுற்றியும், பாலிமர்ச் சங்கிலிகள் எப்போதும் இழுபட்ட நிலையிலேயே நிற்கின்றன. ஆல்கஹால் மூலக்கூறுகள் சங்கிலிகளுக்கு நடுவே நுழைந்து பிடிப்பைத் தளர்த்தியதும் இறுக்கம் வெடிப்பாகத் திறந்துகொள்கிறது. இவை உள்ளே ஓடும் வெடிப்புகள். தண்ணீர்ச் சோதனையில் மறையாமல் நிற்பது இவைதான். இவற்றுக்குப் பாலிஷும் கிடையாது, பரிகாரமும் கிடையாது. அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பானையும் மூடியின் பக்கம் கொண்டுவராதீர்கள்.

மூடியின் மேல் வயரைச் சுற்றி வைத்துப் பரணில் போடுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வயரின் பி.வி.சி. உறை வளைவதற்காக அதில் சேர்த்த எண்ணெய் போன்ற இளக்கிகள் ஆண்டுக்கணக்கில் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் மூடி பாலிஸ்டைரீனாக இருந்தால் அதற்குள் இறங்கும். எடுக்கும்போது வயர் படுத்திருந்த வடிவமே பிளாஸ்டிக்கில் உருகிப் பதிந்திருக்கும்.

இனி மஞ்சள். வெள்ளையாகவும் சாம்பலாகவும் வந்த கருவிகளின் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் உறை பழுத்துப்போவதைப் பார்த்து அழுக்கென்று சோப்புப் போடாதவர் யார்? இது சேர்ந்ததும் அல்ல, போனதும் அல்ல. நான் முதலில் சொன்ன இரு வகைக்குள் இது அடங்காது. பொருளே மாறிவிட்டது. ஏ.பி.எஸ்.ஸில் உள்ள பியூட்டாடையீன் என்ற ரப்பர்க் கூறின் இரட்டைப் பிணைப்புகளைப் புற ஊதா ஒளியின் துணையோடு ஆக்சிஜன் தாக்குகிறது. பிறக்கும் புதிய மூலக்கூறு அமைப்புகள் நீல ஒளியை விழுங்குகின்றன. திரும்பி வரும் ஒளியில் நீலம் குறைந்தால் கண்ணுக்கு மஞ்சள். தீப்பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் புரோமின் சேர்மங்களுக்கும் இதில் பங்குண்டு. ஒரே கருவியின் மேல்மூடி பழுத்தும் அடிமூடி வெள்ளையாகவும் இருக்கிறதே என்று வியப்பவர்கள், இரண்டும் வேறு வேறு கலவையில் வார்த்தவையாக இருக்கலாம் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

2008 வாக்கில் பழைய கணினி ஆர்வலர்கள் ஒரு வழி கண்டார்கள்: ஹைட்ரஜன் பெராக்சைடில் முக்கி வெயிலில் வைப்பது. பெராக்சைடு அந்த நிறமேற்றும் பிணைப்புகளை உடைக்கிறது. சில மணி நேரத்தில் பிளாஸ்டிக் வெளுத்துவிடும். ஆடியோ பிரியர்களும் பிடித்துக்கொண்டார்கள். வெளுக்கிறது என்பது உண்மை. ஆனால் பசையாகப் பூசியது அங்கங்கே காய்ந்தால் வரிவரியாகத் திட்டு விழும்; அச்சிட்ட எழுத்து மங்கலாம்; சிதைந்த ரப்பர்க் கூறு திரும்பி வராது; சில ஆண்டுகளில் மஞ்சளும் மறுபடி எட்டிப் பார்க்கும், இருட்டில் வைத்திருந்தாலும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இறங்கினால் தோலும் வெளுத்துப் புண்ணாகும். எனக்கு இது மருத்துவமாகப் படவில்லை, முடிச்சாயமாகத்தான் படுகிறது. சாயம் அடிக்க ஆசைப்படுவதில் தவறொன்றும் இல்லை.

மாறிப்போவதில் மிகக் கேவலமான நிலை பாலியூரித்தேனுக்கு. 1970ல் அறிமுகமான ஜே.பி.எல். எல்100 ஸ்பீக்கரின் முகத்தில் துணிக்குப் பதில் சதுரக் கட்டங்களாகச் செதுக்கிய நுரைத் தடுப்பு இருந்தது. ஆரஞ்சு, நீலம், அடர்பழுப்பு. அந்தப் பத்தாண்டின் அடையாளமே அதுதான். இன்று மூல நுரையோடு ஒன்று கிடைத்தால் விரல் பட்டதும் பொடியாகக் கொட்டும். எஸ்டர் வகைப் பாலியூரித்தேனின் பிணைப்புகளைக் காற்றின் ஈரமே வெட்டுகிறது, நீராற்பகுப்பு. வெட்டுப்படும்போது பிறக்கும் அமிலம் அடுத்த வெட்டை விரைவுபடுத்துகிறது. உலர்ந்த ஊர்களைவிடக் கடலோர ஊர்களில் சீக்கிரம் நடக்கும். சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிற்காலக் கருவிகளின் திருகிகளிலும் ரிமோட்டுகளிலும் பூசிய வெல்வெட் போன்ற மேற்பூச்சு பிசின் மாதிரி ஒட்டத் தொடங்குவதும் இதே வேதிவினைதான்.

இங்கே காப்பாற்ற ஒன்றுமில்லை. நுரையை எடுத்தெறிந்துவிட்டுப் புதிது வாங்குங்கள். 2018ல் ஜே.பி.எல். அந்த ஸ்பீக்கரின் மறுபிறவியை வெளியிட்டபோது நுரை முகத்தையும் கூடவே கொண்டுவந்தது. பிசுபிசுப்புப் பூச்சுக்கோ நம் பழைய நண்பர் ஐ.பி.ஏ.வே ஏற்ற மருந்து: அடியில் உள்ள கெட்டிப் பிளாஸ்டிக்கை முதலில் மறைவான மூலையில் சோதித்துக்கொண்டு, பூச்சை முழுதாக வழித்தெடுத்துவிடலாம்.

மரத்துக்குச் சுருக்கமாகச் சொன்னால் போதும். ஸ்பீக்கர் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லிய மரத்தோல். சில சமயம் மரம்போல் அச்சிட்ட வினைல் தாள். உப்புத்தாள் போடுமுன் எது என்று பாருங்கள். பூச்சாடி வைத்த இடத்தில் வெள்ளை வளையம் என்றால் ஈரம் மெருகுக்குள் சிக்கியிருக்கிறது, எடுக்க வாய்ப்புண்டு. கறுப்பு வளையம் என்றால் இரும்பும் மரத்தின் டானினும் சேர்ந்த கறை. தோலின் ஆழம்வரை போயிருக்கும். ஆளிவிதை எண்ணெய் பூசுபவர்கள் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது. அந்த எண்ணெய் காய்வது ஆக்சிஜனோடு வினைபுரிந்துதான். அப்போது வரும் சூடு சுருட்டிய துணிக்குள் தேங்கித் தானாகத் தீப்பற்றும். விரித்துக் காயப் போடுங்கள்.

இன்னும் பழைய ரேடியோகிராம், கிராமபோன் பெட்டிகளின் பளபளப்பு அரக்கு. அரக்குப் பூச்சி தரும் அதே பிசின்தான் 78 சுழற்சி இசைத்தட்டிலும் சேர்ந்தது. இந்தியக் காடுகளின் அரக்கு உலகத்தின் இசைத்தட்டுத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் போனது. அரக்கைக் கரைக்கும் திரவமே ஆல்கஹால் என்பதால் தொடக்கத்தில் சொன்ன விபத்து. இதிலேயே ஒரு வசதியும் உண்டு: மங்கிய அரக்கு மெருகைத் தேர்ந்த கை ஆல்கஹால் தொட்டு இளக்கி மறுபடி சமன்படுத்தும். கிராமபோனின் பித்தளைக் குழலைப் பூஜைப் பாத்திரம்போலப் புளி போட்டுத் துலக்கலாமா? புளியின் டார்டாரிக் அமிலம் தாமிர ஆக்சைடைக் கரைத்துப் பளபளப்பாக்கும்தான். குழலின் மேல் நிறுவனம் பூசிய லாக்கர் மிச்சம் இருந்தால், புளி அதன் ஓட்டைகளில் மட்டும் வேலை செய்து புள்ளிபுள்ளியாக விட்டுவிடும்.

எதைத் தொடுவதானாலும் முதலில் முகப்பைத் தெளிவாகப் படம் எடுத்து வையுங்கள். அழிந்த எழுத்தின் அளவும் இடமும் அப்புறம் எங்கும் கிடைக்காது. மின்செருகியைப் பிடுங்குங்கள், வால்வு ஆம்ப்ளிஃபயராக இருந்தால் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் நூற்றுக்கணக்கான வோல்ட் நிற்கக்கூடும், ஈரக்கையைக் காற்றுத் துளைக்குள் விடாதீர்கள். திரவத்தைத் துணியில் தெளியுங்கள், கருவியின் மேல் வேண்டாம். அடிப்பக்கத்து வரிசை எண் ஸ்டிக்கரில் மட்டும் எந்த ஈரமும் படவிடாதீர்கள். அடுத்துப் பழுது பார்ப்பவர் எந்தச் சர்க்யூட் படத்தைத் தேட வேண்டும் என்பது பெரும்பாலும் அதை வைத்துத்தான் தெரியும்.